மில்யுகோவின் பாரிஸ் வருடங்கள்

வணக்கம். ரஷ்யப் புரட்சி பற்றிய உங்கள் கட்டுரையில் வரலாற்றறிஞரும் வெளியுறவு அமைச்சருமான பாவெல் மில்யுகோவ் 1917 மே மாதம் பதவி விலகியதோடு காணாமல் போய்விடுகிறார். அவ்வளவு படித்த மனிதர் அப்புறம் இருபத்தைந்து வருடம் என்னதான் செய்தார்? தோற்றுப்போனவர் என்றே எடுத்துக்கொள்ளலாமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அரசியலில் தோற்றார், சந்தேகமே இல்லை. முதல் உலகப் போரில் 1915இல் சொந்த மகனைப் பறிகொடுத்தவர், 1917இல் ஜார் ஆட்சி விழுந்து வெளியுறவு அமைச்சரானதும் வெற்றி கிடைக்கும்வரை போரிடுவோம் என்று நேச நாடுகளுக்குக் குறிப்பு அனுப்பினார். அன்றைய தலைநகரான பெத்ரோகிராத்தின் தெருக்கள் கொதித்தன, பதவி போனது. ரஷ்ய வரலாற்றைக் கரைத்துக் குடித்தவருக்குச் சிப்பாயின் மனசு பிடிபடவில்லை.

ஆனால் வெளிநாட்டில் அவர் மாறினார். ஆட்சியைப் பிடித்திருந்த லெனினின் போல்ஷெவிக்குகளை ஆயுதத்தால் வீழ்த்தும் காலம் முடிந்தது, குடியரசை ஏற்போம், சோஷலிஸ்டுகளோடு கைகோப்போம் என்றார். 1921இல் அவருடைய தாராளவாதக் கட்சியான காதெத் இதனாலேயே பிளந்தது. எதிர் அணியில் நின்றவர் பழைய நண்பர் விளதீமிர் நபக்கோவ், 'லோலிதா' எழுதிய நாவலாசிரியர் நபக்கோவின் தந்தை.

1922 மார்ச் 28, பெர்லின் பில்ஹார்மோனிக் அரங்கு. மில்யுகோவ் அமெரிக்கா பற்றிப் பேசி முடித்திருந்தார். முடியாட்சி வெறியன் ஒருவன் துப்பாக்கியோடு முன்னால் வந்து சுட ஆரம்பித்தான். நபக்கோவ் பாய்ந்து அவன் கையைப் பிடித்துக் கீழே தள்ளி அமுக்கினார். கூட வந்த இன்னொருவன் நபக்கோவைச் சுட்டுக் கொன்றான். மில்யுகோவுக்குக் காயமே இல்லை. கட்சியில் தன்னை எதிர்த்து நின்றவர் தனக்காக உயிர்விட்ட அந்த இரவைச் சுமந்துகொண்டுதான் அவர் மிச்ச வாழ்க்கையை வாழ்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பாரிஸில் 'பஸ்லேத்னியே நோவஸ்தி', அதாவது 'அண்மைச் செய்திகள்', என்ற நாளிதழுக்கு 1921 முதல் 1940 வரை ஆசிரியர். ரஷ்யாவை விட்டு வந்து பாரிஸில் டாக்ஸி ஓட்டிப் பிழைத்த முன்னாள் ராணுவ அதிகாரிகளும் அதைப் படித்தார்கள். எழுத்தாளர் இவான் புனின் அதில் எழுதினார். கொல்லப்பட்ட நபக்கோவின் மகனும் சீரின் என்ற புனைபெயரில் அதில் கதைகள் எழுதினார். ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியபோதுதான் நாளிதழ் நின்றது. இதற்கிடையில், இளவயதில் எழுதிய ரஷ்யப் பண்பாட்டு வரலாற்றையும் திருத்தி விரித்து எழுதினார். நாடே இல்லாத மனிதர் செய்த இந்த வேலையை எப்படித் தோல்வி என்பது?

1939இல் பின்லாந்து மீதான சோவியத் படையெடுப்பை அவர் ஆதரித்தது மட்டும் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

1943 மார்ச்சில் பிரான்ஸின் எக்ஸ்-லெ-பென் ஊரில் இறந்தார், வயது 84. இன்னொன்று சொல்ல வேண்டும். அவருடைய நினைவுக்குறிப்புகளும் 1917இலேயே நின்றுவிடுகின்றன. முடிக்க ஆயுள் இல்லை. நீங்கள் கேட்கும் அந்த இருபத்தைந்து வருடத்தை அவர் நாளிதழின் பழைய பக்கங்களில்தான் தேட வேண்டும். என் கட்டுரையில் அதை விட்டது என் தவறு, சேர்த்துவிடுகிறேன்.