பெரட்டுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது? (கேள்வி பதில்)

கோலாலம்பூர் செந்தூலில் உட்கார்ந்துகொண்டு இருபது வருடத்துக்கும் மேலாகத் தமிழ்க் கதைகளை மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். புலம்பெயர்ந்தவர்களின் எழுத்து, மொழிபெயர்ப்பு இரண்டைப் பற்றியும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பட்டர்வொர்த் தம்பி): அக்கா, புலம்பெயர் இலக்கியம் என்றாலே ஈழத்தவர்கள் எழுதுவதைத்தான் சொல்கிறார்கள். நாங்கள் நாலு தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம். நம் எழுத்தை அந்தப் பெயரில் சேர்க்கலாமா?

பதில்: 1983 கலவரத்துக்குப் பிறகு ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போன ஈழத்தமிழர்கள் எழுத ஆரம்பித்தபோதுதான் அந்தச் சொல் பரவியது, அதனால் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. நம் கதை வேறு தம்பி. கங்காணி கூட்டி வந்த கொள்ளுத்தாத்தா புலம்பெயர்ந்தவர், சரி. தோட்டத்து லயத்தில் பிறந்த பேரன் எங்கிருந்து பெயர்ந்தான்? நம்மை இன்னும் வந்தவர்கள் என்று பேசுகிற ஆட்கள் இருக்கும் நாட்டில் அந்தப் பெயரை நாமே எடுத்து ஒட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை. மலேசியத் தமிழ் இலக்கியம் என்றே சொல்வோம். போனவரே எழுதிய நாவல் நம் பக்கத்தில் வேண்டுமென்றால் ப. சிங்காரத்தைப் படி. சிங்கம்புணரிக்காரர், 1938இல் சுமத்ராத் தீவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர், போர் முடிந்து ஊர் திரும்பினார். 1972இல் வந்த அவருடைய 'புயலிலே ஒரு தோணி'யில் ஜப்பானியர் காலத்து மேடானும் உங்கள் பினாங்கும் அப்படியே இருக்கின்றன.

கேள்வி (கிள்ளான், கல்லூரி மாணவி): டீச்சர், ரப்பர் தோட்டத்துச் சொற்களை எப்படி மொழிபெயர்ப்பது? அடிக்குறிப்பு போடலாமா?

பதில்: இதைப் பற்றி விடிய விடியப் பேசுவேன் அம்மா. பெரட்டு என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள். விடியுமுன் இருட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட, யாருக்கு எந்த மர நிரை என்று மேற்பார்வை பார்க்கும் தண்டல் சொல்ல, கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடி வந்தவள் ஒரு நிமிஷம் பிந்திவிட்டால் அன்றைய சம்பளம் போயிற்று என்கிற பயம், இத்தனையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. துரைமார் இதை ஆங்கிலத்தில் மஸ்டர் என்றார்கள். அகராதிப்படி சரிதான். ஆனால் மஸ்டர் என்பது எதிரே நின்று எண்ணுகிறவனின் சொல், பெரட்டு என்பது வரிசையில் நிற்கிறவளின் சொல். ஒரு சிறுகதையில் நான் முதலில் மஸ்டர் என்றுதான் போட்டேன். ஒரு மாதம் கழித்துப் படித்துப் பார்த்தால், கதை முழுக்கப் பங்களா வாசலில் இருந்து யாரோ பார்த்துச் சொல்வது போல ஆகிவிட்டிருந்தது. அழித்துவிட்டுப் பெரட்டு என்றே விட்டேன். அது முதன்முதலாக வரும் வாக்கியத்திலேயே வரிசையும் அரிக்கேன் விளக்கும் பேர் கூப்பிடுவதும் வரும்படி அமைத்தேன், ஆங்கில வாசகருக்கு அது போதும். அடிக்குறிப்பு வேண்டாம். கதை சூடாக ஓடும் இடத்தில் கண்ணைக் கீழே இழுத்துவிடும்.

மலாய்க்குப் போகும்போது நிலைமையே வேறு. நம் சொற்களுக்கு அங்கே உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். கிராணி அங்கே கெரானி. தண்டலுக்குத் தண்டில் என்ற பழைய சொல் மலாய் அகராதியிலேயே இருக்கிறது. பால் வடியும் மங்குக்குப் பக்கத்தில் மங்கோக் என்ற மலாய்க் கிண்ணம் நிற்கிறது. பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாவை பினாங்குக்காரர்களுக்கு விளக்கவா வேண்டும்? நாசி கண்டார் என்ற சாப்பாட்டின் பெயரில் இருப்பது அதே காவடிக் கம்புதான். இந்தச் சொற்களைத் தேடிப் போடும்போது, ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர்களைத் திரும்ப ஒரு பந்தியில் உட்கார வைப்பது போல எனக்கு மனசு நிறையும்.

கேள்வி (கோம்பாக் வாசகர்): உலகம் படிக்க வேண்டுமென்றால் ஆங்கிலம்தானே முதலில்? நீங்கள் ஏன் எப்போதும் மலாய், மலாய் என்கிறீர்கள்?

பதில்: ஐயா, உலகம் படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் அடுத்த வீட்டுக்காரர் படித்தாரா? கோத்தா பாருவில் இருக்கும் ஒரு மலாய் இளைஞருக்கு ரப்பர் தோட்டத்துத் தமிழச்சியின் ஒரு நாள் எப்படிப் போனது என்று தெரிய வழி என்ன? 1971இல் தேசியப் பண்பாட்டுக் கொள்கை வந்த பிறகு, மலாயில் எழுதுவது தேசிய இலக்கியம், தமிழிலும் சீனத்திலும் எழுதுவது அந்தந்தப் பிரிவின் இலக்கியம் என்ற பாகுபாடு உறுதியாகிவிட்டது. 1981 முதல் தரப்படும் தேசிய இலக்கியவாணர் விருதும் மலாயில் எழுதுகிறவர்களுக்குத்தான். அந்தக் கோட்டைத் தாண்ட நம் எழுத்தாளர்களுக்கு இருக்கும் ஒரே படகு மொழிபெயர்ப்பு. அரசு மொழிபெயர்ப்புக் கழகம் 1993இல் தொடங்கியது, அதன் வழியாகவும் தனியார் வழியாகவும் சில நூல்கள் போயிருக்கின்றன. எனக்கு அது போதவே போதாது.

சீன மொழியில் எழுதும் நம் நாட்டவர்களுக்குத் தைவான் ஒரு பெரிய வாசலாக இருக்கிறது. ஈப்போவில் பிறந்த லி ஸீஷுவின் நாவல் ஒன்று 513ஆம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கும், 1969 மே 13 இனக் கலவரத்தை நினைத்து வைத்த எண் அது. 2022இல் அது ஆங்கிலத்தில் வந்தது. இந்த நாட்டில் பிறந்தவருக்கு அந்தப் பக்க எண்ணைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்யும், வெளிநாட்டு வாசகர் சும்மா புரட்டிவிட்டுப் போகலாம். அதனால்தான் சொல்கிறேன், நம் புத்தகங்களின் முதல் வாசகர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

கேள்வி (செரம்பான் சகோதரி): என் தாத்தா சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை. பிள்ளைகளுக்குப் படிக்கத் தர நாவல் உண்டா?

பதில்: உண்டு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', ஆ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. இரண்டையும் வாங்கி வையுங்கள். 1942, 43இல் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். இறந்த போர்க்கைதிகள் 12,000க்கு மேல், இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள், அதில் நம் தோட்டத்து ஆட்கள் எத்தனை பேர்! ஆனால் அந்த ரயில் என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது வெள்ளைக்காரச் சிப்பாய்களும் ஒரு பாலமும்தான். அதற்குக் காரணம் 1952இல் குவாய் நதிப் பாலத்தைப் பற்றி வந்த ஒரு பிரெஞ்சு நாவல். அது ஆங்கிலத்துக்குப் போய், படமாகி, வரலாறு மாதிரியே ஆகிவிட்டது. எழுதிய பியர் பூல் போருக்கு முன்னால் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர், அதாவது நம் ஆட்களைத் தினமும் பார்த்தவர். எந்தப் புத்தகம் மொழி தாண்டுகிறதோ அதில் இருப்பவர்கள்தான் நினைவில் நிற்கிறார்கள். தாத்தாவின் பெயர், எந்தத் தோட்டம், எந்த வருடம் போனார் என்று தெரிந்ததை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் அம்மா.

கேள்வி (சுங்கை பட்டாணி): கே.எஸ். மணியம் தமிழ் எழுத்தாளரா, ஆங்கில எழுத்தாளரா?

பதில்: உங்கள் பக்கத்து பீடோங்கில் 1942இல் பிறந்தவர், 1981இல் வந்த முதல் நாவலிலிருந்து ஆங்கிலத்தில் எழுதியவர். ஆங்கில எழுத்தாளர்தான். ஆனால் அந்த ஆங்கில வாக்கியங்களைத் தட்டினால் உள்ளே நம் வீட்டுப் பேச்சு கேட்கும். அவரைத் தமிழுக்குக் கொண்டுவருவது என்னைப் பொறுத்தவரை வீட்டுக்குக் கூட்டி வருவதுதான்.

கேள்வி (பூச்சோங்): இப்போது இங்கே இருக்கும் புலம்பெயர்ந்தவர்கள் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும்தானே? அவர்கள் எழுதுகிறார்களா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்த முகமது ஷரீஃப் உத்தின் வங்காளத்தில் எழுதியவை 2017இல் ஆங்கிலப் புத்தகமாகி, அடுத்த வருடம் அங்கே பரிசும் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் கோத்தாராயா பக்கம் போய் நின்று பாருங்கள், நம் கொள்ளுத்தாத்தா இறங்கியபோது இருந்த முகம்தான் அங்கே இருக்கிறது. ஏஜெண்ட் கடன், ஊருக்கு அனுப்பும் காசு, பிள்ளை போனில் மட்டும் வளர்வது. இவர்களைத் தமிழில் படிக்க வேண்டிய கடன் நமக்குத்தான் முதலில் இருக்கிறது.

கேள்வி (பலர்): மொழிபெயர்க்க ஆசை. அனுமதி, காசு, ஆரம்பம்?

பதில்: அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மலேசியாவில் எழுத்தாளர் இறந்து 50 வருடம் வரை உரிமை இருக்கிறது, இந்தியாவில் 60. இறந்தவராக இருந்தால் வாரிசுகளிடம் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் அட்டையில் வரும் என்று எழுத வையுங்கள். நான் எழுதி வாங்கவில்லை, இரண்டு வருட உழைப்பில் வந்த ஒரு புத்தகத்தில் என் பெயர் உள்ளே பொடி எழுத்தில் வந்தது, இன்றைக்கும் அந்தப் புத்தகத்தை எடுத்தால் மனசு வலிக்கும். சர்வதேச புக்கர் பரிசில் 50,000 பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். 2023இல் பெருமாள்முருகனின் 'பூக்குழி' அதன் நெடும்பட்டியலில் வந்தபோது மொழிபெயர்த்த அனிருத்தன் வாசுதேவன் பெயரும் சேர்ந்தே வந்தது. இங்கேயும் அப்படிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

ஆரம்பிக்க நாவல் வேண்டாம், ஆறேழு பக்கச் சிறுகதை போதும். பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த, ஒரு பெரியம்மாவிடம் கதையை வாசித்துக் காட்டி, புரியாத சொல்லுக்கு அவரைக் கைகளால் செய்து காட்டச் சொல்லுங்கள், கத்தி எந்தச் சாய்வில் போகும், காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை எப்படி உரிப்பார்கள் என்று. மலாய் வடிவத்தை ஒரு மலாய் நண்பரிடம் கொடுத்து, எங்கே தடுக்குகிறது என்று மட்டும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு போட்ட பக்கங்களோடு செந்தூலுக்கு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.