மரியாடிபிக்குத் தனி டிரைவர் எழுதலாமா?

கேள்வி: மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வரை பிரவுசரிலிருந்தே நிர்வகிக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவி ஒன்றைப் பராமரிக்கிறேன். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து உருவான மரியாடிபி, பெர்கோனா வைத்திருப்பவர்களிடமிருந்து தொடர்ந்து பிழைப் புகார்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘இஃப்’ போட்டுப் போட்டுக் கோடு (நிரல்) சிக்கலாகிவிட்டது. ஒவ்வொரு சர்வரோடும் பேசத் தனித்தனி டிரைவர் (இணைப்பு நிரல்) எழுதிவிடலாமா? வேறொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸையும் சேர்க்கச் சொல்கிறார்கள்.

பதில்: மரியாடிபிக்குத் தனி டிரைவர் வேண்டாம். 2009-இல் மைஎஸ்க்யூஎல்லிலிருந்து கிளை பிரிந்தது அது. நிர்வாகக் கருவி அனுப்பும் கட்டளைகளில் பெரும்பகுதி இன்றும் இரண்டுக்கும் பொதுவானவை. இரண்டு பிரதி வைத்துக்கொண்டால் ஒன்றில் செய்த திருத்தம் இன்னொன்றில் விட்டுப்போகும்.

உங்கள் சிக்கல் பெரும்பாலும் பதிப்பு எண்ணில்தான் இருக்கும். 5.5 வரை மைஎஸ்க்யூஎல் எண்ணை ஒட்டியே வந்த மரியாடிபி, அதன் பிறகு 10.0-க்குத் தாவியது. உங்கள் கோடில் “8.0 அல்லது அதற்கு மேல்” என்று ஒரு சோதனை இருந்தால், மரியாடிபி 10.6 அதில் தாராளமாகத் தேறிவிடும். உடனே கருவி மைஎஸ்க்யூஎல் 8-இல் வந்த 0900 வகை கொலேஷனை (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) அனுப்பும்; சர்வர் 1273 பிழையைத் திருப்பித் தரும்.

சர்வர் எது என்பதை ஒரே இடத்தில், இணைப்பு கிடைத்ததும் ஒரே முறை கண்டுபிடியுங்கள். இணைப்பு தொடங்கும்போது சர்வர் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். மரியாடிபி 10 வரிசை, பழைய கிளையன்ட்கள் குழம்பக் கூடாது என்று அந்த எண்ணுக்கு முன்னால் “5.5.5-” என்று சேர்த்து அனுப்பும்; 11.0-இல்தான் அது நின்றது. இடையில் ப்ராக்ஸி (இணைப்பை நடுவில் நின்று கடத்தும் சர்வர்) இருந்தால் அது தன் சொந்த எண்ணையே சொல்லலாம். ‘செலெக்ட் வெர்ஷன்()’ கேட்டு, வரும் சரத்தில் ‘மரியாடிபி’ என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெர்கோனா இதில் தன் பெயரைச் சொல்லாது; ‘வெர்ஷன்_கமென்ட்’ மாறியில் சொல்லும். மைஎஸ்க்யூஎல் போலவே பேசும் டைடிபி என்ற டேட்டாபேஸ் “8.0.11-டைடிபி” என்ற மாதிரி பதில் தரும். அதனால் எண்ணை மட்டும் வெட்டியெடுத்தால் ஏமாந்துபோவோம்.

அப்புறம், மற்ற இடங்களில் “இது மரியாடிபியா?” என்று கேட்பதை நிறுத்துங்கள். “சீக்வென்ஸ் (தொடர் எண் தரும் வசதி) உண்டா?”, “க்வெரி கேஷ் (பழைய விடைகளைச் சேமித்து வைப்பது) உண்டா?” என்று வசதியின் பெயரால் கேளுங்கள். பெயரும் பதிப்பும் பார்த்து இந்தப் பதில்களை நிரப்பும் அட்டவணை ஒரே ஃபைலில் இருக்கட்டும். க்வெரி கேஷ் மைஎஸ்க்யூஎல் 8.0-இல் நீக்கப்பட்டது, மரியாடிபியில் தொடர்கிறது. சீக்வென்ஸ் மரியாடிபியில் 10.3-இலிருந்து உண்டு. நாளை ஐந்தாவது வகை ஒன்று வந்தாலும் அந்த ஒரு ஃபைலைத்தான் தொடுவீர்கள்.

கட்டளை தோற்றால் பிழைச் செய்தியாவது வரும். எனக்கு அதைவிடக் கவலை தருவது, பிழையே வராமல் தவறான விவரம் வந்து சேர்வது. டேபிளில் ஒரு பத்தியின் டிஃபால்ட் மதிப்பை (பயனர் எதுவும் தராதபோது தானாக இடப்படுவது) எடுத்துக்கொள்ளுங்கள். நல் (NULL, ‘மதிப்பு இல்லை’) அனுமதிக்கும், டிஃபால்ட் எதுவும் குறிப்பிடாத பத்திக்கு, சர்வர் தன் டேபிள் விவரங்களைக் காட்டும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் மைஎஸ்க்யூஎல் உண்மையான நல்லைத் தரும். மரியாடிபி 10.2.7-இலிருந்து ‘நல்’ என்று எழுதிய நான்கெழுத்து ஆங்கிலச் சரத்தைத் தரும்; சர மதிப்புகளை மேற்கோள் குறியோடு தரும். உங்கள் திருத்தப் படிவம் இதை அறியாவிட்டால், பயனர் பத்தியின் பெயரை மட்டும் மாற்றிச் சேமித்தாலும் அந்த நான்கெழுத்தே டிஃபால்ட்டாக உட்கார்ந்துவிடும். அந்தப் பத்திக்கு மதிப்பு தராமல் புதிதாக வரும் ஒவ்வொரு வரிசையிலும் அது நுழையும். பல மாதம் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவிலிருந்து படிப்பதையெல்லாம் ஒரு வடிகட்டும் அடுக்கு வழியாகவே விடுங்கள். படிவம் வரையும் கோடு சர்வரின் மூலப் பதிலைத் தொடவே கூடாது.

அதே அடுக்கில் இன்னும் சில. ‘பேஸ் டேபிள்’ (சாதாரண டேபிள்) வகையை மட்டும் பட்டியலிட்டால் மரியாடிபியின் சீக்வென்ஸ்களும் பழைய மதிப்புகளையும் காக்கும் சிஸ்டம் வெர்ஷன்டு டேபிள்களும் திரையில் வராது. பயனர் டேபிள் காணாமல் போனதாக நினைத்துப் பதறுவார். ஜேசன் (JSON) மைஎஸ்க்யூஎல்லில் தனித் தரவு வகை, மரியாடிபியில் நீண்ட எழுத்துக்கான லாங்டெக்ஸ்ட் வகையின் மறுபெயர். பயனர் உரிமைகளுக்கு ‘யூசர்’ டேபிளை நேரடியாக மாற்றி எழுதாதீர்கள்: மரியாடிபி 10.4-இலிருந்து அது வெறும் வியூ (வேறு டேபிளின் விவரத்தைக் காட்டும் தோற்றம்). ‘கிரியேட் யூசர்’, ‘கிராண்ட்’ கட்டளைகள் இரண்டிலும் வேலை செய்யும்.

பெர்கோனா மைஎஸ்க்யூஎல்லை நெருக்கமாகப் பின்தொடர்வதால் அங்கே வேலை குறைவு.

சோதனைக்கு உண்மையான சர்வர்களையே டாக்கரில் (ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியாக ஓட்டும் மென்பொருள்) ஏற்றுங்கள்: மைஎஸ்க்யூஎல் 8.0, 8.4, மரியாடிபி 10.6, 10.11, 11.4, ஒரு பெர்கோனா. போலிப் பதில்களை வைத்து எழுதிய சோதனைகள் மேலே சொன்ன டிஃபால்ட் பிழையைப் பிடிக்காது. டேபிளை உருவாக்கு, படிவத்தில் திற, எதையும் மாற்றாமல் சேமி, முன்னும் பின்னும் ‘ஷோ கிரியேட் டேபிள்’ ஒன்றாக இருக்கிறதா பார். இந்த ஒரு சோதனையை எல்லா சர்வரிலும் ஓட்டினாலே பாதி நிம்மதி.

சரி, போஸ்ட்கிரெஸ். அதற்குத்தான் தனி டிரைவர் வேண்டும். டேட்டாபேஸுக்கும் டேபிளுக்கும் நடுவே அங்கே ஸ்கீமா என்று ஒரு தளம் உண்டு. வேறு டேட்டாபேஸுக்குப் போக ‘யூஸ்’ கட்டளை போதாது, புது இணைப்பே வேண்டும். இடப்பக்க மெனுவிலிருந்தே வடிவமைப்பு மாறிவிடும். உங்களுடையது போன்ற கருவிகளில், அட்மினர் பல டேட்டாபேஸ்களுக்கு டிரைவர் வைத்திருக்கிறது. பிஎச்பிமைஅட்மின் மைஎஸ்க்யூஎல் குடும்பத்தோடு நின்றுகொண்டது. இரண்டுமே நியாயமான முடிவுகள். தினமும் போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தும் ஒருவர் பராமரிக்க முன்வரும் வரை, அந்தக் கோரிக்கையை மறுத்துவிடுங்கள்.