பாதி ஈஸ்ட் மடிந்தும் சடுதிமாற்றம் ஏன் வரவில்லை?

கேள்வி: முதுநிலை நுண்ணுயிரியல் படிக்கிறேன். கடையில் வாங்கிய ரொட்டி ஈஸ்டை சடுதிமாற்றத்தை (மரபணுவில் நிலையான மாற்றத்தை) உண்டாக்கும் ஈஎம்எஸ் என்ற வேதிப்பொருளின் 3 சதவீதக் கரைசலில் ஒரு மணி நேரம் வைத்தேன். பாதி செல்கள் இறந்தன. மீதியைக் கழுவி, உடனே கனவானின் என்ற நச்சு கலந்த வளர்ப்புத் தட்டில் பரப்பினேன். ஒரு காலனிகூட வரவில்லை. மருந்து கெட்டுவிட்டதா?

பதில்: மருந்து நன்றாகவே இருக்கிறது. பாதி செல்கள் மடிந்ததே அதற்குச் சாட்சி. தவறு இரண்டு இடங்களில் நேர்ந்திருக்கிறது.

முதலாவது, அவசரம். ஈஎம்எஸ் எனப்படும் எத்தில் மீத்தேன்சல்ஃபோனேட், டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினின் ஆறாம் இடத்து ஆக்சிஜனில் ஓர் எத்தில் தொகுதியை ஒட்டுகிறது. அந்த நொடியில் அது வெறும் கறைதான். செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது, கறைபட்ட குவானினுக்கு எதிரே சைட்டோசினுக்குப் பதிலாகத் தைமின் வந்து அமர்கிறது. அடுத்த நகலில் அந்தத் தைமின் அடினைனைச் சேர்த்துக்கொள்கிறது. ஜி-சி இணை ஏ-டி ஆகிவிட்டது. இனி அது நிலையான சடுதிமாற்றம். ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடான டிஜிஜி இப்படித்தான் டிஏஜி ஆகி, புரத உருவாக்கத்தைப் பாதியில் நிறுத்துகிறது.

நீங்கள் பார்க்க விரும்புவது கேன்1 மரபணுவின் இழப்பு. கனவானின், அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைப் போல வேடமிட்டு அந்த மரபணு தரும் கடத்திப் புரதத்தின் வழியாகவே உள்ளே நுழைகிறது. மரபணு கெட்டாலும் பழைய கடத்திகள் செல் சவ்வில் சில தலைமுறைகள் மிஞ்சியிருக்கும். அதனால் கழுவிய செல்களை நச்சில்லாத ஊடகத்தில் சில மணி நேரம் வளரவிட்டு, பிறகு பரப்புங்கள். வளரவிடும் முன்பே அந்தச் செல்களைச் சிறு குழாய்களில் பிரித்து வளர்த்தால் இன்னும் நல்லது. ஒரே தாயின் பிள்ளைகளைத் தனித்தனி சடுதிமாற்றங்களாக எண்ணிவிட மாட்டீர்கள். தட்டில் அர்ஜினின் இருக்கவே கூடாது.

இரண்டாவது, இனம். இதுதான் பெரிய காரணம். கடை ஈஸ்ட் பெரும்பாலும் இருமடியம் (ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள்) அல்லது அதற்கும் மேல். கேன்1 இழப்பு ஒடுங்கு பண்பு. ஒரு பிரதி கெட்டாலும் மற்றது கடத்தியைச் செய்துகொண்டே இருக்கும். எஸ்288சி போன்ற, ஒரே பிரதி கொண்ட ஒற்றைமடிய ஆய்வக இனத்தைக் கேட்டு வாங்குங்கள். டபிள்யூ303 என்ற ஆய்வக இனம் வேண்டாம், அதில் கேன்1 ஏற்கெனவே பழுதானது, தட்டு முழுவதும் வளர்ந்து உங்களை ஏமாற்றும். ஈஎம்எஸ் படாத செல்களையும் தனித் தட்டில் பரப்புங்கள். ஒற்றைமடிய ஈஸ்டில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு செல் தானாகவே கனவானினைத் தாங்கும். அதைவிடப் பல மடங்கு கூடினால்தான் அது ஈஎம்எஸ்ஸின் வேலை.

கழுவிய நீரை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் கவலை. ஈஸ்டின் குவானினை மாற்றுவது நம் குவானினையும் மாற்றும். ஈஎம்எஸ் ஆவியாகவும் பரவும். கையுறையோடு, புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்குள் மட்டும் கையாளுங்கள். கழுவிய நீர், பிப்பெட் முனைகள், குழாய்கள் அனைத்தையும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலில் ஊறவைத்துச் செயலிழக்கச் செய்த பிறகே ஆய்வகக் கழிவில் சேருங்கள்.