6 லட்சம் கடனில் ஒர்க்ஸ்டேஷன்: மேக்கா, அசெம்பிள் மெஷினா?

கேள்வி: வடபழனியில் ஃப்ரீலான்ஸாக வீஎஃப்எக்ஸ் செய்கிறேன். பிளெண்டர், ஹூடினி என்ற 3டி மென்பொருள் இரண்டிலும் வேலை. மாதம் சராசரியாக 90,000 ரூபாய் வரும். சில மாதம் 40,000தான். 6 லட்சம் பர்சனல் லோன் போட்டு ஆப்பிளின் மேக் ஸ்டுடியோ வாங்கலாமா, என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு போட்டு மெஷின் அசெம்பிள் செய்யலாமா?

பதில்: முதலில் தவணையைப் பாருங்கள். 14% வட்டி, 3 வருடம் என்றால் 6 லட்சத்துக்கு மாதம் சுமார் 20,500 ரூபாய். 40,000 வரும் மாதத்தில் பாதி அதற்கே போய்விடும். 3.5 லட்சத்தோடு நிறுத்துங்கள். தவணை 12,000க்குள் அடங்கும்.

அந்தப் பணத்துக்கு நான் சொல்வது அசெம்பிள் மெஷின். மேக்கைக் குறை சொல்லவில்லை. கரண்ட் குறைவாக இழுக்கும், விற்கும்போதும் நல்ல விலை போகும். ஆனால் அதில் மெமரி வாங்கிய அன்று எவ்வளவோ அவ்வளவுதான். கணக்குகளைக் கார்டிலேயே போட என்விடியா தரும் ‘கூடா’ (CUDA) தளத்தை மட்டுமே நம்பி எழுதிய ரெண்டர் மென்பொருள், அதாவது சீனை இறுதிப் படமாக்கும் மென்பொருள், மேக்கில் ஓடாது. அசெம்பிள் மெஷினில் 2 வருடம் கழித்துக் கார்டை மட்டும் கழற்றி ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கொடுத்துவிட்டுப் புதுசு போடலாம். அதற்காக மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை இன்றே 1000 வாட்டுக்குக் குறையாமல் போடுங்கள். கார்டின் மெமரியில் 16 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். கனமான சீன் அதற்குள் கொள்ளாவிட்டால் ரெண்டர் மிக மெதுவாகலாம், நடுவழியில் நின்றும் விடலாம். உங்கள் இரண்டு மென்பொருளும் லினக்ஸிலும் ஓடும். விண்டோஸ் லைசன்ஸ் காசுகூட மிச்சம்.

சிப், ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்), பெட்டி எல்லாம் ஒரே கம்பெனியிடம் என்றால் எனக்குத் தயக்கம்தான். 1990களில் ஹாலிவுட் கிராஃபிக்ஸ் என்றாலே சிலிக்கான் கிராஃபிக்ஸ் மெஷின்தான். மிப்ஸ் சிப், ஐரிக்ஸ் ஓஎஸ் எல்லாம் அவர்களுடையதே, விலையோ யானை விலை. பிறகு சாதாரண இன்டெல் பிசியில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டைச் செருகி, விண்டோஸ் என்டியிலும் லினக்ஸிலும் அதே வேலையைச் செய்ய ஆரம்பித்தார்கள். அந்தக் கம்பெனி 2006லும் 2009லும் திவால் மனு போட்டது. ஆப்பிளுக்கும் அதே கதி என்று சொல்ல வரவில்லை. இந்தத் துறையில் மெஷின் மதிப்பு அவ்வளவு வேகமாகச் சரியும். கடனை 3 வருடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

கணக்குப் புத்தகம் எழுதி வரி கட்டுபவர் என்றால் கம்ப்யூட்டர் மதிப்பில் வருடம் 40% தேய்மானமாக வருமானத்தில் கழிக்கலாம்; நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அந்த வருடம் பாதிதான். வருமானத்தில் 50% லாபம் என்று உத்தேசமாகக் காட்டுபவருக்குத் தேய்மானம் தனியாகக் கிடையாது.

அசெம்பிள் மெஷினில் ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனி. கார்டு, மதர்போர்டு இரண்டின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதி வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.