ஐந்து துறை மாணவர்கள், ஒரே நோயாளி: தணிப்புச் சிகிச்சையைச் சேர்ந்து கற்பிப்பது எப்படி?

கேள்வி: மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சமூகப்பணி மாணவர்களுக்கு பாலியேட்டிவ் கேர் எனப்படும் தணிப்புச் சிகிச்சையை, அதாவது கடும் நோயுள்ளவர்களின் வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சையை, ஒன்றாகக் கற்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சென்ற முறை எல்லோரையும் ஓர் அரங்கில் உட்காரவைத்து விரிவுரை நடத்தினோம். மருத்துவ மாணவர்கள் மட்டுமே வாய் திறந்தார்கள். இந்த முறை இரண்டு பிற்பகல்கள் கிடைத்துள்ளன. எப்படித் திட்டமிடலாம்?

பதில்: முதலில் விரிவுரையைக் கைவிடுங்கள். பல துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்பதைத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டி சேர்ந்து கற்றல் என்கிறது. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் அது நடந்துவிடாது. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்தின் அளவைக் கணக்கிடுவது போன்றவற்றை அந்தந்தத் துறை வகுப்பிலேயே முடித்துவிடலாம்.

முதல் பிற்பகலுக்கு, எந்தத் துறையும் தனியாக அவிழ்க்க முடியாத ஒரு நோயாளிக் கதையைத் தயார் செய்யுங்கள். உதாரணமாக, எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோயுடன் வீட்டில் இருக்கும் 58 வயதுப் பெண். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தும் வலி பத்துக்கு ஏழு. துறைக்கு ஒரு சீட்டு கொடுங்கள். மருத்துவ மாணவரிடம் மருந்துச் சீட்டும் ஸ்கேனும். நர்சிங் மாணவரிடம் வீட்டுக் குறிப்பேடு: மதிய மாத்திரைகள் பல நாட்கள் எடுக்கப்படவில்லை, மலம் கழித்து ஐந்து நாட்கள். பார்மசி மாணவரிடம் மருந்து வாங்கிய பட்டியல். அதில் மலமிளக்கியே இல்லை. பிசியோதெரபி மாணவரிடம், படுத்திருக்கும்போது வலி இரண்டு, எழுந்து உட்காரும்போது ஏழு என்ற குறிப்பு. சமூகப்பணி மாணவரிடம் நோயாளியின் ஒரே ஒரு வாக்கியம்: "அந்த மாத்திரை போட்டா தூங்கிடுறேன், பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது முழிச்சிருக்கணும்."

மருத்துவச் சீட்டை மட்டும் பார்த்தால் அளவைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் மலச்சிக்கலும் தூக்கமும் அதிகமாகும், அவர் இன்னும் அதிக மாத்திரைகளைத் தவிர்ப்பார். ஐந்து சீட்டுகளும் மேசைக்கு வந்த பிறகுதான் விஷயம் பிடிபடும். மார்ஃபின் தரும் தூக்கம் பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும் என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். மலச்சிக்கல் அப்படித் தானாகக் குறையாது, மலமிளக்கி வேண்டும். அசைவில் வரும் வலிக்கு, எழுவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் மருந்து கொடுக்கலாம். எலும்பு முறியும் அபாயம் உண்டா, கதிர்வீச்சு பலன் தருமா என்று மருத்துவ மாணவர் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பேத்தி வரும் நேரத்தைச் சுற்றி மருந்து நேரத்தை அமைக்க வேண்டும். இதை ஒரே மனிதர் எழுதிவிட முடியாது. இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் நர்ஸாகவும், மருத்துவமனைச் சமூகப்பணியாளராகவும், பிறகு டாக்டராகவும் இருந்தவர். எல்லா மாணவரையும் மூன்று பட்டம் வாங்கச் சொல்ல முடியாதே!

அடுத்து, யார் பேசுவது என்ற பிரச்சினை. இதற்கு மாணவர்களைக் குறை சொல்லாதீர்கள், ஏற்பாட்டை மாற்றுங்கள். ஒரு குழுவில் ஆறு முதல் எட்டுப் பேர், அதில் மருத்துவ மாணவர் இருவருக்கு மேல் வேண்டாம். இறுதியாண்டு மருத்துவ மாணவரோடு முதலாண்டு நர்சிங் மாணவரை உட்காரவைத்தால் பழைய ஏணியையே இன்னொரு முறை கற்பிப்பீர்கள். மருத்துவச் சீட்டு கடைசியில் படிக்கப்படட்டும். நடத்துபவர்கள் இருவர் இருக்கட்டும், வெவ்வேறு துறையிலிருந்து. மருந்து பற்றிய சந்தேகத்தோடு மாணவர் பழக்கதோஷத்தில் டாக்டர் ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பார். "பார்மசிக்காரர் எதிரிலேயே இருக்கிறாரே, அவரிடம் கேளுங்கள்" என்று அந்த ஆசிரியர் சொன்னால் போதும், மேசையின் நிலைமை மாறிவிடும்.

இரண்டாம் பிற்பகலைப் பேச்சுப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். கெட்ட செய்தி சொல்வதை டாக்டரின் தனி வேலையாகவே பலர் கற்பிக்கிறார்கள். ஆனால் "இன்னும் எத்தனை நாள் இருப்பாங்க?" என்ற கேள்வி நள்ளிரவில் நர்ஸிடம் வரும், கை காலை அசைத்துக்கொண்டிருக்கும்போது பிசியோதெரபிஸ்டிடம் வரும். மழுப்பாமல், தன் வரம்பையும் தாண்டாமல் பதில் சொல்வது, அதைக் குழுவுக்குத் தெரிவிப்பது, இரண்டையும் நடித்துப் பார்க்கட்டும். உறவினர் வேடத்தை ஆசிரியரோ பயிற்சி பெற்ற நடிகரோ போடுவது நல்லது.

மதிப்பீட்டுக்குத் தனித்தனித் தேர்வு வேண்டாம். குழுவுக்கு ஒரே சிகிச்சைத் திட்டம், அதோடு ஆளுக்கு ஒரு பத்தி: வேறு துறையினர் சொன்ன எந்தத் தகவலால் என் முடிவு மாறியது? "எல்லோரும் முக்கியம்" என்று பொதுவாக எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. வீட்டில் அண்மையில் யாரையாவது இழந்த மாணவர் வகுப்பில் இருக்கலாம். பாடம் எதைப் பற்றியது என்று முன்கூட்டியே சொல்லுங்கள், இடையில் எழுந்து போக அனுமதி உண்டு என்பதையும் சொல்லுங்கள். கடைசி இருபது நிமிடத்தைப் பாடம் நடத்தாமல் அவர்கள் பேசுவதற்கு விட்டுவிடுங்கள். அன்று ஓர் ஆலோசகர் கட்டடத்திலேயே இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.