மளிகை விலை ஏறினால் சூப்பர்மார்க்கெட் பங்கும் ஏறுமா?

கேள்வி: விலைவாசி ஏறிக்கொண்டே போகிறது, சந்தையும் ஆட்டம் காண்கிறது. எந்தக் காலத்திலும் ஜனங்கள் அரிசி, பருப்பு வாங்கித்தானே ஆக வேண்டும். மற்ற பங்குகளை விற்றுவிட்டு டிமார்ட் மாதிரி சூப்பர்மார்க்கெட் பங்கில் போட்டுவிட்டால் பயமில்லை என்கிறார் நண்பர். சரிதானா?
– வாசகர், கரூர்

பதில்: வாங்கித்தான் ஆக வேண்டும், சரி. ஆனால் கடைக்கு நூறு ரூபாய் விற்பனையில் அதிக லாபம் தருவது அரிசி பருப்பு இல்லை. பெட்ஷீட், குழந்தைகள் உடை, டிபன் பாக்ஸ், பிளாஸ்டிக் கூடை, இவற்றில்தான் நிற்கும்.

ஒரு குடும்பம் மாதம் 10,000 ரூபாய்க்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 7,500 மளிகைக்கு, 2,500 துணிமணி, பாத்திரத்துக்கு. மளிகையில் கடைக்கு 11 சதவீதம், மற்றதில் 25 சதவீதம் நிற்கிறது (கணக்குக்காக நாம் வைத்த விகிதம்). மொத்த வரவு 825 + 625 = 1,450 ரூபாய். எண்ணெயும் பருப்பும் ஏறி, அதே குடும்பத்துக்கு மளிகையே 8,300 ஆகிவிட்டது. பட்ஜெட் 10,000தான். மீதி 1,700. இப்போது கடைக்கு 913 + 425 = 1,338. விற்பனை ஒரு பைசா குறையவில்லை. வரவில் 112 ரூபாய் போய்விட்டது. கரண்ட் பில், சம்பளம் எல்லாம் கழித்து வரிக்கு முன் 670 ரூபாய் மிஞ்சுகிற கடையில் 112 என்பது ஆறில் ஒரு பங்கு.

இனி நிஜக் கணக்கு. டிமார்ட்டை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் 2024-25ல் தனிக் கணக்கில் (துணை நிறுவனங்களைச் சேர்க்காமல்) சுமார் 57,790 கோடி விற்று 2,927 கோடி லாபம் காட்டியது. நூறு ரூபாய் விற்றால் ஐந்து ரூபாய் சொச்சம். முந்தைய ஆண்டைவிட விற்பனை 17 சதவீதம் போலக் கூடியது, லாபம் 9 சதவீதத்துக்குள்தான். புதுக் கடைகளைத் தள்ளிவிட்டு, இரண்டு வருஷமாவது ஆன கடைகளை மட்டும் பார்த்தால் வளர்ச்சி 8.4 சதவீதம். அந்த ஆண்டு உணவுப் பொருள் பணவீக்கமே 7 சதவீதத்தைத் தாண்டியது. 2024 அக்டோபரில் மட்டும் 10.87. ஆக, பழைய கடைகளின் வளர்ச்சியில் பெரும்பகுதி விலை ஏற்றமாகவே இருக்கலாம், கூடுதல் சரக்காக இல்லாமல்.

இன்னொரு எண்ணும் பாருங்கள். சதுர அடிக்கு விற்பனை 2018-19ல் சுமார் 35,650 ரூபாய், 2024-25ல் சுமார் 35,700. நடுவே கொரோனா வந்தது, புதுக் கடைகள் பெரிதாகின, பத்து நிமிட டெலிவரிக்காரர்கள் பெருநகரங்களில் புகுந்தார்கள். காரணம் எதுவானாலும் ஆறு வருஷ விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் ஒரு சதுர அடி முன்பைவிடக் குறைவாகத்தான் உழைக்கிறது. நிறுவனம் வளர்வது கடைகளைக் கூட்டித்தான்: 2025 மார்ச்சில் 415.

இதெல்லாம் நிறுவனம் மோசம் என்பதற்கில்லை. பெரும்பாலான கடைகள் சொந்த இடத்தில் இருப்பதால் வாடகைச் சுமை குறைவு. சப்ளையருக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து விலையில் அடித்துப் பேசி வாங்குவது அதன் பலம். சிக்கல் நீங்கள் கொடுக்கும் விலையில். 2021 அக்டோபரில் பங்கு 5,900 ரூபாயைத் தொட்டது. அந்த நிதியாண்டின் ஒரு பங்கு லாபம் சுமார் 25 ரூபாய். அதாவது பங்கின் விலை அந்த லாபத்தைப்போல் 230 மடங்குக்கு மேல். 2024-25ல் ஒரு பங்கு லாபம் சுமார் 45 ஆகிவிட்டது. பங்கோ 2025 மார்ச் முடிவில் நாலாயிரத்தை ஒட்டி நின்றது. கடை ஜெயித்தது, உச்சத்தில் வாங்கியவர் மூன்று வருஷம் கழித்தும் நஷ்டத்தில். எனவே நண்பர் சொல்கிறபடி மாற்றும் முன், விற்கப்போகும் பங்கு எத்தனை மடங்கில் இருக்கிறது, வாங்கப்போவது எத்தனை மடங்கில் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 15 மடங்கு வங்கியை விற்று 90 மடங்கு மளிகையை வாங்குவதைப் பாதுகாப்பு என்று சொல்ல மனசு வரவில்லை.

கேள்வி: டிமார்ட் பங்குக்கு ஸ்டாப் லாஸ் (குறித்த விலைக்கு இறங்கினால் விற்கச் சொல்லும் ஆர்டர்) போட்டு வைத்தும் காலாண்டு ரிசல்ட் வந்ததும் பெரிய அடி விழுந்தது. புரோக்கர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகி, திருப்பூர்

பதில்: அநேகமாக இல்லை. டிமார்ட் ரிசல்ட் பெரும்பாலும் சனிக்கிழமை வரும், அன்று சந்தை கிடையாது. 2024 அக்டோபர் 12, சனிக்கிழமை ரிசல்ட் வந்தது. திங்களன்று பங்கு 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, அதுவும் திறக்கும்போதே.

100 ரூபாய்ப் பங்குக்கு டிரிக்கர் (ஆர்டர் உயிர்பெறும் விலை) 97, லிமிட் (அதற்குக் கீழே விற்காத விலை) 96 வைத்திருக்கிறீர்கள். சந்தை 92ல் திறந்தால் டிரிக்கர் அடிக்கும். ஆனால் உங்கள் ஆர்டர் 96க்குக் குறைந்து விற்காது. அப்படியே தொங்கும், பங்கு இன்னும் இறங்கலாம். கிடைக்கிற விலைக்கு விற்கும் மார்க்கெட் வகை ஆர்டராக இருந்தால் 92ஐ ஒட்டிப் போகும். ஸ்டாப் லாஸ் மெல்ல வழுக்கும் பங்குக்குத்தான் பிரேக், பள்ளத்தில் விழும் பங்குக்கு இல்லை. பள்ளம் வரும் தேதி தெரியும் என்பதால் அதற்கு முன்பே வைத்திருக்கும் பங்கின் அளவைக் குறைப்பதே எளிய வழி. காலாண்டு முடிந்த சில நாளிலேயே விற்பனைத் தொகையையும் கடை எண்ணிக்கையையும் நிறுவனம் பங்குச் சந்தைக்கு அறிவித்துவிடும். லாப விவரம் அதற்குச் சுமார் பத்து நாள் பின்னால் வரும். முதல் அறிவிப்பில் 17 சதவீத விற்பனை வளர்ச்சியைப் பார்த்துத் துள்ளி வாங்குகிறவர்கள்தான் இரண்டாவதில் மாட்டுகிறார்கள்.

கேள்வி: பிக் பஜார் நிறுவனப் பங்கு சில ரூபாய்க்குக் கிடைத்தபோது 2,000 வாங்கினேன். டீமேட்டில் இன்னும் கிடக்கிறது. ஏதாவது வருமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: எதிர்பார்க்காதீர்கள். பிக் பஜாரை நடத்திய ஃபியூச்சர் ரீடெயில் மீது 2022 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது, 2024ல் கலைக்க உத்தரவானது. சொத்தை விற்று வரும் பணத்தில் நடவடிக்கைச் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானம் பெற்ற வங்கிகள், அதன்பின் மற்றக் கடன், அரசு பாக்கி என்று போய், சாதாரணப் பங்குதாரர் வரிசையின் கடைசி ஆள். வங்கிகளுக்கே முழுசாகத் தேறாத இடம் அது.

அங்கே கெட்டது வியாபாரம் மட்டுமில்லை. வாடகை இடம், கடன், ஊரடங்கு மூன்றும் சேர்ந்தன. வாடகை பாக்கியால் 2022 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான கடைகள் ரிலையன்ஸ் கைக்குப் போயின. அடுத்த முறை இந்தத் துறையில் 'மலிவுப் பங்கு' கண்ணில் பட்டால், இருப்புநிலைக் குறிப்பில் 'குத்தகைப் பொறுப்பு' (இனி கட்ட வேண்டிய வாடகை) என்ற வரியையும் கடனையும் கூட்டி, ஆண்டு லாபத்தோடு வைத்துப் பாருங்கள். லாபமே இல்லையென்றால் கூட்டவே வேண்டாம்.

வரி விஷயம்: பங்கு கையில் இருக்கும்வரை நஷ்டத்தை வரிக் கணக்கில் எழுத முடியாது. விற்றோ ரத்தாகியோ கணக்கு முடிந்தால்தான் கோரலாம். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த நஷ்டம் நீண்டகால லாபத்தில் மட்டுமே கழியும். எட்டு ஆண்டு கொண்டுபோகலாம், ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருந்தால்.

கேள்வி: ஓய்வுபெற்றவன். டிவிடெண்டுக்காக டிமார்ட் வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: 2017ல் பட்டியலானது முதல் 2024-25 வரை அது டிவிடெண்டே கொடுத்ததில்லை. லாபம் முழுக்க இடம் வாங்கவும் கடை கட்டவும் போகிறது. உங்கள் தேவைக்கு இது ஆகாது.

கேள்வி: சந்தை விழுந்திருக்கும்போது நகையை வைத்து ஒரு லட்சம் வாங்கி டிமார்ட் பங்கில் போட்டால் என்ன?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். வட்டி 10 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 10,000. ஒரு வருஷத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி (2024 ஜூலை 23 முதல்). வட்டியை ஈடுகட்ட மட்டும் 12,500 ரூபாய் லாபம் வர வேண்டும், செஸ், தரகு தனி. பங்கு 10 சதவீதம் இறங்கிவிட்டாலோ 20,000 கையை விட்டுப் போகும். நகையை மீட்கப் பங்கை அடிமாட்டு விலைக்கு விற்பீர்கள். கையில் உபரியாக 30,000 இருந்தால் அதை மூன்றாகப் பிரித்து, மூன்று காலாண்டு ரிசல்ட்டுக்குப் பிறகு ஒவ்வொரு 10,000 ஆகப் போடுங்கள். பழைய கடைகளின் வளர்ச்சி பணவீக்கத்துக்குக் கீழே போன காலாண்டில் அந்தத் தவணையை நிறுத்தி வையுங்கள்.