கரையோரம் விழும் கழிவு எப்போது அக்கரையைத் தொடும்?

கேள்வி: ஆழம் ஒரு மீட்டர்தான். கரையில் விழும் கழிவுநீர் சீக்கிரமே ஆறு முழுக்கக் கலந்துவிடாதா?

மேலிருந்து கீழாகக் கலந்துவிடும். அக்கரைக்குப் போக நேரமாகும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலம் 50 மீட்டர், ஓட்டம் நொடிக்கு 0.5 மீட்டர், தரையின் உராய்வுத் திசைவேகம் (தரை ஓட்டத்தை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதை வேகமாகச் சொல்லும் அளவு) நொடிக்கு 0.05 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்ல வளைந்தோடும் ஆறுகளில் குறுக்குக் கலப்புக் கெழு (கழிவு அகலவாக்கில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைச் சொல்லும் எண்), ஆழத்தையும் உராய்வுத் திசைவேகத்தையும் பெருக்கியதில் 0.6 மடங்கு. நீரியல் ஆய்வாளர் ஃபிஷர் குழுவினர் 1979இல் சொன்ன மதிப்பு இது. 50 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். இங்கே அது நொடிக்கு 0.03 சதுர மீட்டர். அப்படியானால் அக்கரை வரை சீராகப் பரவ ஏறத்தாழ 17 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆழத்தில் கலக்கவோ 60 மீட்டர் போதும்.

கேள்வி: கணினி மாடலில் கே-எப்சிலான் (கொந்தளிப்பைக் கணக்கிடும் சமன்பாடுகள்) போட்டாலும் நிலையான கெழு போட்டாலும் ஒரே முடிவு வருகிறது. எங்கே தவறு?

தவறே இல்லாமலும் இருக்கலாம். நேரான, அகலமான பகுதியில் கொந்தளிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் தரை உராய்வுதான். ஆழச் சராசரி (மேலிருந்து தரைவரை சராசரி எடுத்த) கே-எப்சிலானும் கடைசியில் ஆழம், உராய்வுத் திசைவேகம் இரண்டின் பெருக்கலுக்கே வந்து நிற்கும்.

ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது, மாடல் ஆற்றைப் பிரித்து வைக்கும் கட்டங்களை. 10 மீட்டர் கட்டத்தில் முதல்படி அப்விண்ட் முறை (ஓட்டம் வரும் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பை மட்டும் எடுக்கும் எளிய கணிப்பு) போட்டால், கணிப்பு முறையே நொடிக்கு 2.5 சதுர மீட்டர் வரை போலிப் பரவலைச் சேர்க்கும். மேலே சொன்ன கெழுவைப்போல் எண்பது மடங்குக்கு மேல்! ஓட்டம் கட்டங்களுக்குச் சாய்வாகப் போனால் அதில் கணிசமான பங்கு குறுக்கேயும் இறங்கும். கெழுவைப் பூஜ்யமாக்கி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மாடலில் விட்ட சாயம் குறுக்கே பரவினால், நீங்கள் பார்ப்பது ஆற்றை அல்ல. நானும் ஒரு முறை இதில் இரண்டு வாரம் தொலைத்திருக்கிறேன்.

கேள்வி: இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் பெரிய சுழல்கள் தெரிகின்றன. மாடலில் ஏன் வருவதில்லை?

அவை ஆழத்தைவிடப் பல மடங்கு அகலமான, கிடைமட்டச் சுழல்கள். சராசரி எடுக்கும் மாடல் அவற்றைக் கெழுவுக்குள் கரைத்துவிடும். நுண்ணிய கட்டமும், நேரத்தோடு மாறும் கணிப்பும் வேண்டும். கீழே போகப் போகத் தரை உராய்வு அவற்றை அடக்கிவிடும். கலப்புப் பட்டையும் அதோடு விரிவதை நிறுத்திவிடும்.

கேள்வி: முப்பரிமாண மாடல் தேவையா?

குழாய் வாயருகிலும் கூர்மையான வளைவுகளிலும் தேவை. மற்ற இடங்களில் பெரும்பாலும் வேண்டாம்.

கேள்வி: சாயச் சோதனையோடு (ஆற்றில் சாயம் விட்டு அது பரவுவதை அளப்பது) ஒத்துப்போக மேனிங் எண்ணை (தரையின் சொரசொரப்பைச் சொல்லும் எண்) மாற்றலாமா?

வேண்டாம். அதை நீர்மட்டத்தை வைத்து முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம் கலப்புக் கெழுவை மட்டும் சாயத்துக்காகத் திருத்துங்கள்.